தொட்டிக்கு அடியில் பாம்பு

குச்சியை அப்புறம் நீட்டலாம் தம்பி, முதல்ல அந்தச் சாக்கைத் தூக்கி வெளிய போடுங்க. சாக்குக்கு அடியிலதானே பாம்பு சுருண்டு கிடக்கும்? நீங்க பாம்பு பிடிக்கிறவரு, உங்களுக்கு நான் சொல்லித்தரணுமா.

இதுக்குப் பேரு கிரீன்ஹவுஸாம். கண்ணாடி போட்ட குப்பைக் கிடங்குன்னு சொன்னா எங்க வீட்டுக்காரருக்குக் கோவம் பொத்துக்கிட்டு வந்துரும். அடுத்த வாரம் தக்காளி விதை போடணும், தட்டு வைக்க ஒரு சாண் இடம் இருக்கா பாருங்க. இது உடைஞ்ச தொட்டி. அது உடைஞ்ச தொட்டியோட உடைஞ்ச துண்டு. தொட்டி ஓட்டை மேல வைக்க ஆகுமாம். ஊர்ல இருக்கிற ஓட்டையெல்லாம் அடைச்சாலும் மிஞ்சும்.

அந்த ஹோஸ் பைப்பா? அதையும் தூக்குங்க. அதுக்குள்ள பாம்பு போகாதா? சின்னப் பாம்பா இருந்தா? ஆங், அப்ப தூக்குங்க.

என்னங்க! ஜன்னலைச் சாத்துங்க! ஐஸ்கிரீம் டப்பாவைத் தூக்கிப் போடலைங்க, வெளிய எடுத்து வைக்கிறோம்! நீங்களே வந்து எடுத்து வைக்கிறீங்களா? மாட்டீங்கல்ல? அப்ப சும்மா இருங்க!

பார்த்தீங்களா, சமையக்கட்டைத் தாண்டமாட்டாரு. டிவியில பாம்பு வந்தாலே காலைத் தூக்கி சோபா மேல வச்சுக்கிற ஆளு. மத்தபடி ஒரு டப்பாவைத் தொட விடமாட்டாரு. போன வருஷம் அவரு வெளிய போன நேரம் பார்த்து நாலு தொட்டியைத் தூக்கிப் போட்டேன். குப்பை வண்டிக்காரரைத் துரத்திப் பிடிச்சு ஆறு தொட்டியா வாங்கிட்டு வந்துட்டாரு.

பாம்பு என்ன நிறமா? பழுப்பு... இல்ல, கறுப்பு. ஒரு மாதிரி. நீளம் இவ்வளவு இருக்கும். போன்ல ஆறடின்னா சொன்னேன்? அப்ப நீட்டிப் படுத்திருந்துது தம்பி.

ஏன் அப்படிப் பார்க்கிறீங்க? சரி, கிட்ட வாங்க. ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நில்லுங்க.

பாம்பெல்லாம் இல்ல.

அவருகிட்ட மூச்சு விட்டுறாதீங்க. போன செவ்வாக்கிழமை மாடியில துணி காயப்போட்டுக்கிட்டிருந்தேன். இவரு இந்த நடைவழியில என்னத்தையோ தடுக்கிக் குப்புற விழுந்தாரு. இந்தக் கூரைக் கண்ணாடி வழியா பார்க்கிறேன், எந்திரிக்க முடியல. மூணு தடவை அலமாரியைப் பிடிக்கிறாரு, மூணு தடவையும் கை வழுக்குது. நான் படியிறங்கி ஓடி வர்றதுக்குள்ள எப்படியோ எந்திரிச்சு, சொட்டுத் தண்ணியில்லாத பூவாளியைச் சாய்ச்சுப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாரு. செடிக்குத் தண்ணி ஊத்துறாராம். நானும் ஒண்ணுமே தெரியாத மாதிரி, சாப்பிட வாங்கன்னுட்டுத் திரும்பிட்டேன்.

வழியை ஒதுக்குங்க, விழுந்துருவீங்கன்னு நான் எப்படித் தம்பி சொல்றது? உங்களுக்கு வயசாயிருச்சுன்னு நானே சொன்ன மாதிரி ஆயிருமே. மனுசன் உடைஞ்சு போயிருவாரு. பாம்புன்னா அந்தத் தொல்லை இல்ல, எந்த வயசுலயும் பயப்படலாம்.

போறப்ப கேட்பாரு. பாம்பு பெருசுன்னே சொல்லிருங்க. அவரு பயந்ததுக்கு ஒரு மரியாதையா இருக்கும்.