ரெண்டு ஜன்னல், ஒரே ஜோடி

...அதைத்தான் சார் நானும் கேக்கறேன். ஒரு மனுஷன் பேர் போடாம ரகசியமா ஒரு கருத்து எழுதினா, அதைத் தூக்கிட்டுப் போய் நாலு பேர் பாக்கற இடத்துல மாட்டலாமா? நாலு பேர் என்ன, ஊரே சிரிக்குது சார். இப்ப வீட்டம்மா கதவைச் சாத்திட்டா, நான் பெட்டியோட ரயிலேறித் தம்பி வீட்டுக்குப் போறேன். திரும்பச் சேத்துக்குவாளான்னே தெரியல... கால் இடிக்குதா? கொஞ்சம் இப்படி நகந்து உக்காருங்க.

நாங்க ஆராய்ச்சிக்காரங்க சார். எனக்கும் அவளுக்கும் பறவைதான் பொழப்பு. எங்க தொழில்ல என்ன வழக்கம்னா, ஒருத்தர் கட்டுரை எழுதினா, அச்சுல போடறதுக்கு முன்னாடி இன்னொருத்தர்கிட்ட குடுத்து, தேறுமா தேறாதான்னு மதிப்புரை கேப்பாங்க. எழுதினது யாருன்னு இவருக்குச் சொல்ல மாட்டாங்க, மதிப்புரை யாருதுன்னு அவருக்குச் சொல்ல மாட்டாங்க. எவ்வளவு கௌரவமான ஏற்பாடு பாருங்க. மூஞ்சிக்கு நேரா சொல்ல முடியாததை நிம்மதியா சொல்லிட்டு வந்துடலாம்.

இப்ப புதுசா ஒரு கும்பல் கிளம்பியிருக்கு. எல்லாத்தையும் திறந்து வைக்கணுமாம். கட்டுரையை யார் வேணா இலவசமா படிக்கணுமாம், மதிப்புரை எழுதறவன் கையெழுத்துப் போடணுமாம். அந்தக் கும்பலுக்குத் தலைவி யாருங்கறீங்க? சாட்சாத் எங்க வீட்டம்மா. பல்லு விளக்கறாளோ இல்லையோ, காலையில ஃபோனைத் திறந்து உலகத்துக்கு ஒரு உபதேசம் பண்ணியாகணும். எங்க வீட்டுல மூடி வைக்கற ஒரே பொருள் பால் பாத்திரம்தான்.

அவ கட்டுரை ஒண்ணு, புறா எந்த மாதிரி ஜன்னல்ல கூடு கட்டுதுன்னு. அதுக்கு வந்த மதிப்புரையில ஒரு வரி... 'இவருக்கு எண்ணக்கூடத் தெரியவில்லை'. அவ்வளவுதான், படம் புடிச்சு நெட்டுல போட்டுட்டா. வந்தாங்க பாருங்க! ஒருத்தன் மரமண்டைங்கறான், ஒருத்தி பொறாமை புடிச்ச ஜென்மங்கறா. எங்க மாமனாருக்கு ஃபோனை நேராப் புடிக்கத் தெரியாது, அவர்கூட 'முட்டாள்'னு எழுதியிருக்காரு. நானும் பக்கத்துல உக்காந்து, ஆமா ஆமா, எந்தப் படுபாவியோன்னு தலையாட்டினேன். வேற என்ன பண்ணச் சொல்றீங்க?

எவ்வளவுதான் பொறுத்துக்கறது? அந்த ஆள் பக்கமும் நியாயம் இருக்குமில்ல? இன்னிக்குக் காலையில அவ குளிக்கப் போனா. 'நடுநிலையாளன்'னு புதுப் பேர்ல ஒரு கணக்கைத் தொறந்தேன். ரொம்ப மரியாதையாத்தான் எழுதினேன் சார்... அம்மையீர், நீங்க படுக்கையறை ஜன்னல்ல பாத்த ஜோடியும் சமையலறை ஜன்னல்ல பாத்த ஜோடியும் ஒண்ணேதான், ரெண்டு தடவை எண்ணிட்டீங்க, மதிப்புரை சொன்னது சரின்னு. பொய்யா? தினமும் அந்த எச்சத்தைத் தொடைக்கறவன் நான்.

என்ன சார் அப்படிப் பாக்கறீங்க? ...ஆமா. கட்டுரையில எந்த வீடு, எந்த ரூம் ஜன்னல்னு போடல. 'ஏழாம் கட்டடம்', அவ்வளவுதான். எங்க படுக்கையறைக்குள்ள வந்து புறா பாத்தவன் வேற யாரு இருக்கான்... சரி, விடுங்க. எழுதறப்ப தோணல.

வீட்டுலயே சொல்லியிருக்கலாமேங்கறீங்களா? நல்லா சொன்னீங்க போங்க. சாப்பாட்டு மேசையில சொன்னா சண்டை வரும்னுதானே சார் மதிப்புரையில எழுதி அனுப்பினேன்!

அவ கத்தல சார். கத்தியிருந்தா கால்ல விழுந்திருப்பேன். தலையைத் துவட்டிக்கிட்டே ஃபோனைப் பாத்தா, என்னைப் பாத்தா. அங்கயே, எல்லாரும் பாக்க, கீழ பதில் போட்டா. இந்தாங்க, நீங்களே படிங்க. 'ஒருவழியா ஒரு மதிப்புரையாளர் கையெழுத்துப் போட்டுட்டார். நன்றி. இனிமே வீட்டுக்கு வர வேண்டாம்.' இத்தனை வருஷம் ஒண்ணா குடித்தனம் பண்ணினோம் சார்... எனக்கு அவளை விட்டா யாரு?

அதுக்குப் போய் எத்தனை பேர் ஹார்ட் போட்டிருக்காங்க பாருங்க, மனசாட்சியே இல்லாம... இருங்க, இப்ப ஒண்ணு கூடுதே. ஏன் சார் உங்க ஃபோனைக் கவுத்து வைக்கறீங்க?

நீங்களுமா சார்?