பதினொண்ணாவது பேர்

ராத்திரி ஒம்பது தாண்டியிருக்கும். ஊருக்கு வெளிய பைபாஸ் ரோடு. ரெண்டு பக்கமும் ஒரு கடை கிடையாது, ஒரு விளக்கு கிடையாது. ஓரமா ஒரு பழைய கார் நிக்குது. இண்டிகேட்டர் மட்டும் டிக்... டிக்... டிக்னு அடிச்சிக்கிட்டே இருக்கு. உள்ள ஒரு அப்பா, ஒரு பொண்ணு. அந்தாளு சட்டை முழுக்க செம்மண். போனைப் பாத்துச் சிரிக்கிறாரு... கண்ணுல தண்ணி ஊத்துது. பொண்ணு ஜன்னல் பக்கம் திரும்பி உக்காந்திருக்கா. அப்போ பின் சீட்டுல... சரக்னு ஒரு சத்தம். யாரோ பேப்பரைப் பக்கம் திருப்புற சத்தம்.

பின் சீட்டுல யாரும் இல்ல.

கதவச் சாத்திட்டு வா. மெதுவா. என் மடியில ஒருத்தி தூங்குறா, பாத்தல்ல? புதுசா வந்தவ நீ, அதான் கேட்ட... வருஷத்தோட கடைசி ராத்திரி, ஊரே ஆட்டம் போடுது, நீங்க மட்டும் ஏன் ஹாஸ்டல் ரூம்ல இப்படி ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்கீங்கன்னு. சொல்றேன். குறுக்க பேசாத, எனக்குக் கெட்ட கோவம் வரும். கால் இல்லாம மெதந்து வர்ற பேயெல்லாம் இதுல கிடையாது. முன்னாடியே சொல்லிட்டேன்.

இது என் ஃப்ரெண்டோட அப்பாவுக்கு நடந்தது. அவரு மூக்குக் கண்ணாடிக் கடை வச்சிருந்தாரு. முன்னாடி வரிசையா ஃப்ரேம், பின்னாடி லென்ஸ் தேய்க்கிற மெஷின். நாள் பூரா ஸ்ஸ்ஸ்னு ஒரு சத்தம், சக்கரத்து மேல தண்ணி சொட்டிக்கிட்டே இருக்கும். தங்கமான மனுஷன். வழி கேக்க வந்தவனோட கண்ணாடியக்கூட வாங்கித் தொடச்சுக் குடுத்துதான் அனுப்புவாரு. ஆனா அவருக்கு ஒரு கிறுக்கு இருந்துச்சு.

இன்டர்நெட்ல ஒரு ஃபோரம். உலகத்துல எங்கெங்கயோ இருக்கறவங்க, ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்ததில்ல, எல்லாருக்கும் பட்டப்பேருதான். அங்க இவரு ஒரு விளையாட்டு நடத்தினாரு. வருஷம் பொறந்ததும் ஆளுக்குப் பத்து பேர் எழுதணும். இந்த வருஷம் சாகப்போற பிரபலங்க யாரு யாருன்னு. ஆமா, சாகப்போறவங்க. நடிகரு, பாடகரு, மந்திரி, யாரா வேணா இருக்கலாம். போய்ச் சேந்தா ஒரு பாயிண்ட். பைசா கிடையாது, வெறும் கெத்துதான். காய்கறி வாங்குற மாதிரி பேர் பொறுக்குவாங்க. "கிழவர் இந்த வருஷம் தாண்ட மாட்டாரு", "அந்தம்மா என்னை ரெண்டு வருஷமா ஏமாத்துது"ன்னு கிண்டல் வேற.

இவர்தான் நடுவர். ரூல் எல்லாம் இவர் போட்டது, ரூல்னா அவருக்கு உசுரு. யாரு பிரபலம்? உசுரோட இருக்கும்போது பேப்பர்ல மூஞ்சி தெளிவா வந்திருக்கணும். லிஸ்ட் பூட்டியாச்சுன்னா பூட்டியாச்சு. ஒரே ஒரு தடவ, நடுவர் சம்மதிச்சா, ஒரு பேர மாத்தி இன்னொரு பேர் போட்டுக்கலாம். அப்புறம் ஒரு ரூல் சும்மா தமாசுக்குப் போட்டு வச்சாரு... பத்துக்குப் பத்தும் சரியா வந்தா, பதினொண்ணாவதா ஒரு பேர் சேத்துக்கலாம்னு. எவனுக்கு வரப்போகுது பத்தும்? ஒருத்தன் மூணு எடுத்தாலே அந்த வருஷம் அவன்தான் ராஜா.

அவரு பொண்டாட்டி தலையில அடிச்சுப்பாங்க. "அடுத்தவங்க வீட்டுச் சாவுல என்னங்க விளையாட்டு? அதுக்கு நம்ம வீட்டுக்கு வழி தெரியாதா?"

"சும்மா இரும்மா. எல்லாம் தொண்ணூறு வயசு ஆளுங்க."

இந்த ஜனவரியில ஒரு புது ஆளு சேந்துச்சு. ஆளுன்னு சொல்றேன், பழக்கதோஷம். பட்டப்பேரு 'நிதானம்'. ரொம்ப மரியாதை, வார்த்தைக்கு வார்த்தை சார். நிதானத்தோட லிஸ்ட்ல ஒம்பது பேர் பிரபலம். பத்தாவது பேர்...

இவரோட பொண்ணு.

இனிஷியலோட. படிக்கிற காலேஜோட.

எவனோ விளையாடுறான்னு நெனச்சாரு. ஃபோரம்ல காட்டுக் கத்தல் கத்தினாரு, அத்தனை பேரும் நான் இல்ல நீ இல்லன்னு சத்தியம் பண்ணாங்க. அப்பவே அந்தப் பேர அடிச்சுத் தூக்கிப் போட்டுட்டுப் போயிருக்கலாம். செய்யலயே! நடுவராச்சே! உக்காந்து தீர்ப்பு எழுதினாரு... "பத்தாவது நபர் பிரபலம் அல்ல. பத்திரிகையில் முகம் வரும்வரை இந்தப் பெயர் நிறுத்தி வைக்கப்படுகிறது." நிறுத்தி வைக்கப்படுதாம். எனக்கு இப்ப நெனச்சாலும் பத்திக்கிட்டு வருது.

உடனே பதில் வந்துச்சு. "சரி சார். காத்திருக்கேன். அவசரம் இல்ல."

அந்த நிமிஷம் கடைக்குள்ள ஒரு வாசனை. மெழுகுவத்திய ஊதி அணைச்சா திரி கருகி ஒரு வாசனை வருமே... அது. கடையில மெழுகுவத்தியே கிடையாது.

அப்புறம் ஆரம்பிச்சுது. லிஸ்ட்ல மொதப் பேரு ஒரு வயசான நடிகர், அவரு போனாரு. சரி, அவரு எல்லார் லிஸ்ட்லயும்தான் இருந்தாரு. ரெண்டாவது ஒரு பாடகி. மூணாவது டிவியில வானிலை சொல்ற பையன், முப்பது வயசு, குத்துக்கல்லாட்டம் இருந்தான். அவனும் போனான். மேலேருந்து கீழ, எழுதின வரிசை மாறல. ஒவ்வொரு தடவையும் கடையில சரக்னு பேப்பர் திருப்புற சத்தம், அந்தக் கருகின வாசனை. அப்புறம் நிதானம் எழுதும்... "ஒரு பாயிண்ட் குடுங்க சார். அவசரம் இல்ல."

நடுங்கிப் போயிட்டாரு மனுஷன். லிஸ்ட்ட அழிச்சாரு. காலையில பாத்தா அங்கயே இருக்கு. நிதானத்த வெளிய தள்ளப் பாத்தாரு. 'அப்படி ஒரு உறுப்பினர் இல்லை'ன்னு வருது. ஃபோரத்தையே மூடினாரு. மத்தவங்களுக்கு மூடிக்கிச்சு, இவருக்கு மட்டும் தெறந்தே இருந்துச்சு.

ஏழாவது ஆளும் போனப்புறம் கெஞ்சி எழுதினாரு. ஐயா, ரூல்படி ஒரு பேர மாத்திக்கலாம், தயவுசெஞ்சு பத்தாவது பேர மாத்துங்கன்னு.

"மாத்திக்கலாம் சார். யாரைப் போடட்டும்? நீங்களே சொல்லுங்க."

அன்னைக்கு ராத்திரி முழுக்க, புதுப் பேர் எழுதற அந்தக் காலிக் கட்டத்து முன்னாடி உக்காந்திருந்தாரு. இத்தனை வருஷமா எத்தனை பேர எழுதின கை! படுத்த படுக்கையா இருக்கற ஒரு பழைய மந்திரி பேர டைப் அடிச்சாரு. அந்தாளு பேரப்பிள்ளைங்களோட இருக்கற போட்டோ கண்ணுல பட்டுச்சு. அழிச்சாரு. இன்னொரு பேர். அழிச்சாரு. விடியிற வரைக்கும் ஒரு பேர்கூட நிக்கல. நெஜமா எழுதணும்னு வந்தப்போ கை வரல அவருக்கு.

சரி, அப்ப ஒரே வழிதான். பொண்ணு மூஞ்சி பேப்பர்ல வரக்கூடாது. ஆனா பொண்ணு யாரு? ஓட்டக்காரி. அஞ்சாயிரம் மீட்டர். இந்த வருஷம் யாரும் அவளத் தொட முடியல, பெரிய போட்டிக்கு எடுத்துட்டாங்க, ஜெயிச்சா அடுத்த நாள் பேப்பர்ல போட்டோ நிச்சயம்.

ஓடாதன்னாரு. லிஸ்ட்டக் காட்டினாரு. "இது எவனோ விளையாடுறான்ப்பா, நீங்க வேற"ன்னு அவ சிரிச்சா. கோச்சுக்குப் போன் பண்ணி பொண்ணுக்குக் காய்ச்சல்னு பொய் சொன்னாரு. ஷூவ ஒளிச்சு வச்சாரு. கடைசியில கால்ல விழுந்தாரு... பெத்த பொண்ணு கால்ல. அவ அழுதுக்கிட்டே கதவச் சாத்திக்கிட்டா. பொறாமையா, பயமா, பைத்தியமான்னு தெரியாம அவளுக்கும் வெறுத்துப் போச்சு. போட்டி அன்னைக்கு ஃப்ரெண்டோட ஷூவ வாங்கி மாட்டிக்கிட்டுப் போயிட்டா.

அதுக்கு மொத நாள் ஒம்பதாவது ஆளு போயாச்சு.

அவ ஓடப் போயிட்டான்னு இவருக்குக் கடையில இருக்கும்போதுதான் தெரியுது. மெஷின அணைக்கல, கடையப் பூட்டல, போட்டிருந்த வெள்ளைக் கோட்டோட காரை எடுத்தாரு. மைதானத்துக்குள்ள நுழையறப்போ கடைசிச் சுத்து. இவ முன்னால வர்றா, பின்னால யாருமே இல்ல. முடிவுக் கோட்டுக்கு அந்தப் பக்கம் பேப்பர்காரங்க கேமராவத் தூக்கிப் பிடிச்சு மண்டி போட்டிருக்காங்க. மனுஷன் வேலியத் தாண்டிக் குதிச்சாரு. விழுந்தாரு. எழுந்து ஓடினாரு. கோட்டக் கழட்டி, ஓடி வர்ற பொண்ணு தலையோட போத்தி, அப்படியே கட்டிப் பிடிச்சுக்கிட்டுச் செம்மண்ல உருண்டாரு. ஜெயிக்க பத்தடி இருக்கு... பத்தே அடி. இவளைத் தாண்டி எல்லாரும் ஓடிப் போறாங்க. "படம் எடுக்காதீங்க, படம் எடுக்காதீங்க"ன்னு கத்துறாரு. எடுக்காம விடுவாங்களா?

அதுக்கப்புறம்தான் அந்த பைபாஸ் ரோடு.

அதுக்குள்ள படம் எல்லா எடத்துலயும் வந்துருச்சு. பைத்தியக்கார அப்பான்னு ஊரே காறித் துப்புது. இவரு காரை ஓரங்கட்டிட்டு அந்தப் படத்தப் பெருசு பண்ணிப் பண்ணிப் பாக்கறாரு. "உன் மூஞ்சி தெரியல, பாத்தியாம்மா? துளிகூடத் தெரியல"ன்னு சிரிக்கிறாரு, அழறாரு.

"நீங்க எனக்கு அப்பாவே இல்ல."

அவ சொன்னது அவ்ளோதான். அவளோட கடைசி வார்த்தை அது அவருகிட்ட. அதை நெனச்சு நெனச்சு இன்னைக்கு வரைக்கும்... விடு.

அவரு கண்ணத் தொடச்சுக்கிட்டாரு. அப்புறம் படத்தை மறுபடி பாத்தாரு. பொண்ணு மூஞ்சி தெரியல, ஆனா அவர் மூஞ்சி? பளிச்சுனு தெரியுது. காலையில எல்லா பேப்பர்லயும் மொதப் பக்கம். இப்ப அவரு பிரபலம். ரூல்படி.

டைப் பண்ணாரு. "பத்தாவது பேருக்குப் பதிலா என் பேர். நடுவர் சம்மதம்."

சரக்னு பின் சீட்டுல சத்தம். கருகின திரி வாசனை. "சரி சார். அவசரம் இல்ல."

அந்த வாரமே போயிட்டாரு. கடையில, மெஷின் முன்னாடி உக்காந்தபடி. சக்கரம் லென்ஸ் இல்லாம சும்மா சுத்திக்கிட்டு இருந்துச்சு, தண்ணி சொட்டிக்கிட்டு இருந்துச்சு. மூஞ்சில ஒரு நிம்மதி... கணக்கை நேர் பண்ணிட்ட ஆளு மாதிரி.

கதை இத்தோட முடிஞ்சிருந்தா நான் இப்படி உக்காந்திருக்க மாட்டேன்டி.

அவரு பிரபலம் இல்லையா? அவரு செத்தது செய்தி ஆச்சு. வீட்டு வாசல்ல வந்து படம் எடுத்தாங்க. இவ வாசப்படியில நின்னு அழுதுக்கிட்டு இருக்கா. மறைக்கக் கோட்டும் இல்ல, மறைக்கிற ஆளும் இல்ல. மறுநாள் பேப்பர்ல பெருசாப் போட்டாங்க. 'ஓட்டப் பந்தயத்தில் மகளைத் தடுத்த தந்தை மரணம்.' கீழ பொண்ணு மூஞ்சி. தெளிவா. கண்ணீர்கூடத் தெரியுது.

அன்னைக்கு அவரு போன் அடிச்சுது. அவ அம்மாவும் அவளும் சேந்துதான் எடுத்துப் பாத்தாங்க. நானும் அப்புறம் பாத்தேன், இந்தக் கண்ணால.

"பத்தும் சரியா வந்துருச்சு சார். ரூல்படி பதினொண்ணாவது பேர் போட்டுக்கறேன். இவங்க படம் இன்னைக்குப் பேப்பர்ல பாத்தேன். நல்லா வந்திருக்கு. அவசரம் இல்ல."

அந்தப் பொண்ணு என்ன ஆனாளா?

மெதுவாப் பேசு. இவதான். என் மடியில தூங்குறாளே, இவதான். அதுக்கப்புறம் இவ ஓடவே இல்ல. ரோடு தாண்டுறதுக்குக்கூட என் கையப் பிடிச்சுக்குவா. லிஸ்டுக்கு ஆயுசு இன்னைக்கு ராத்திரி பன்னெண்டு வரைக்கும்தான், அதுவும் அவங்க அப்பா போட்ட ரூல். அதான் சாயங்காலத்துலேருந்து சுத்தி உக்காந்திருக்கோம். கேஸ் மூடியாச்சு. ஃபேன் நிறுத்தியாச்சு. சாப்பாட்ட நான் மொதல்ல தின்னு பாத்துட்டுத்தான் இவளுக்குக் குடுத்தேன். சிரிக்காத, உனக்கு ஒரு ஃப்ரெண்டு இப்படி இருந்தா தெரியும். எங்களுக்கு வேற என்ன பண்றதுன்னு தெரியல, அவ்ளோதான்.

மணி பாரு. இன்னும் கொஞ்ச நேரம். அந்தப் பக்கம் தாண்டிட்டா போதும், அடுத்த வருஷம் லிஸ்ட் வாங்கறதுக்கு நடுவரே கிடையாது. வெளிய வெடி போட ஆரம்பிச்சுட்டாங்க பாரு... தாண்டிருவோம். தாண்டிருவோம்டி.

...

ஏய். யாரு மெழுகுவத்திய அணைச்சது?

ஏத்தவே இல்லையா...

இவள எழுப்பு. என்ன பாத்துக்கிட்டு நிக்கிற... இவள எழுப்புடி!