திறந்து கிடந்த பாலமும் எங்கள் அக்காவின் விருப்ப ஓய்வும்

வெள்ளக் கணிப்புப் பிரிவை இருபத்திரண்டு ஆண்டுகள் கட்டிக் காத்தவரே, கணினிகளையும் எங்களையும் ஒருசேரக் கதறவிட்ட கணக்குப் புலியே, எங்கள் அக்காவே, வணக்கம்!

உங்கள் புலமையைப் போற்றுகிறோம். நீங்கள் எழுதிய கணிப்பு நிரலைப் போற்ற முடியவில்லை. நாற்பதாயிரம் வரிகளில் ஒரு விளக்கக் குறிப்புகூட இல்லை. பொறுப்பை ஒப்படைக்கச் சொன்னால், "எல்லாம் அதுலயே இருக்கு தம்பி, படிச்சுப் பாரு" என்கிறீர்கள். படித்தோம். தலைவலிதான் மிச்சம்.

ஆனால் அந்த நிரல் பொய் சொன்னதில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு, மாலை ஐந்துக்கு ஆற்றுப்பாலத்தின் மேல் தண்ணீர் ஏறும் என்றது. உடனே மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்குத் தெரிவித்தோம். பாலத்தை மூடிவிட்டார்களா என்று நான்கு முறை தொலைபேசியில் கேட்டீர்கள். "மேலிடத்துக்கு அனுப்பியிருக்கோம் மேடம், உத்தரவு வரணும்" என்றார்கள். பாலம் திறந்தே கிடந்தது. ஐந்துக்குத் தண்ணீர் ஏறியது. உத்தரவு மறுநாள் வந்தது. தண்ணீர் அடித்துக்கொண்டு போன எட்டுப் பேரில், இந்த மடலை எழுதுகிறவனின் மனைவியும் ஒருத்தி; என் மனைவி. அதை மடலில் சேர்க்கச் சொன்னது நீங்கள்தான். சேர்த்துவிட்டேன்.

அதன்பின் நாம் செய்ததை நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது. கணிப்பை மேலும் துல்லியமாக்கினோம்! இரண்டு ஆண்டுகள், விடுப்பே எடுக்காமல். பன்னிரண்டு சென்டிமீட்டர் பிழை எட்டாகக் குறைந்தது. நான் வரைபடத்தைக் காட்டினேன். எல்லோரும் கைதட்டினார்கள். நீங்கள் மட்டும் கேட்டீர்கள்:

"அன்னிக்கு நம்ம கணக்கு தப்பா தம்பி?"

"இல்லக்கா."

"அப்புறம் எதைத் திருத்திக்கிட்டு இருக்கோம்?"

மறுவாரமே விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்தீர்கள். அரசின் தொழில்நுட்பக் கொள்கைக் குழுவில் சேரப் போவதாகச் சொன்னபோது, "சிங்கம் போய் ஃபைல் தள்ளப் போகுதாக்கும்?" என்று நம் இயக்குநர் கேலி செய்தார். "யாராவது தள்ளினாத்தானே சார் நகரும்?" என்றீர்கள்.

எங்களுக்கும் கோபம்தான். வரும் மழைக்காலத்தில் நீங்கள் இல்லாமல் மல்லுக்கட்டப் போவது நாங்கள். இருந்தாலும் போய் வாருங்கள். கணிப்பு அபாய அளவைத் தாண்டினால், யாரையும் கேட்காமல் பாலத்தை மூட அங்கே காவலில் நிற்பவருக்கே அதிகாரம் உண்டு. இதை விதியாக்குங்கள். வேறு எதுவும் வேண்டாம்.

பல்லாண்டு வாழ்க என்று சும்மா வாழ்த்தி அனுப்ப மாட்டோம். அந்த விதியில் கையெழுத்து விழும்வரை நோய் நொடியென்று படுக்கவோ, இன்னோர் ஓய்வு கேட்கவோ உங்களுக்கு அனுமதி இல்லை.

இவண்,
வெள்ளக் கணிப்புப் பிரிவு ஊழியர்கள்