பற்றரிப் பாடம்

வன்னிக்குத் திரும்பும் சனத்தோடு சோதனைச்சாவடி வரிசையில் நின்றேன். வன்னிக்குள் பற்றரி கொண்டுபோக ஆமி தடை போட்டிருந்த காலம். எனக்கு முன்னால் ஒரு ரீச்சரும் ஒரு மாஸ்டரும். ரீச்சரின் கையில் இரண்டு புத்தகங்கள். இரண்டும் வளர்ந்தவர்களுக்குக் கொம்பியூட்டர் படிப்பிக்கிறவை.

"இதில பற்றரிப் படம் கிடக்கு, மாஸ்டர். ஆமி விடமாட்டான்."

"அப்ப மற்றதைப் படிப்பிப்பம்."

"அதில முதல் பாடமே சுவரில இருக்கிற சுவிட்சைப் போடுங்கோ எண்டு. எங்கட படிப்பிக்கிற கொட்டிலுக்குச் சுவருமில்லை, கரண்டுமில்லை. கொம்பியூட்டரை லொறிப் பற்றரியில போடுற விதம் இதில மட்டும்தான் இருக்கு."

"வயரை மாறிப் பூட்டினா எரிஞ்சுபோடும், ரீச்சர். இருக்கிறதே ஒரு கொம்பியூட்டர்."

"அந்தப் பக்கத்தைக் கிழிச்சு ஒளிச்சுக் கொண்டுபோவமே?"

"பிடிபட்டா?"

வரிசை நகர்ந்தது.

"அப்ப பாடமாக்குவம். நான் வாசிக்கிறன், நீங்கள் திருப்பிச் சொல்லுங்கோ."

ரீச்சர் இரண்டு தரம் வாசித்தார். மூன்றாம் தரத்துக்கு நேரம் இருக்கவில்லை. சாவடிக்கு முன்னால் எரிந்துகொண்டிருந்த குப்பைக்குள் பற்றரிப் படமிருந்த புத்தகத்தைப் போட்டார்.

"முதல்ல பூட்டுறது கறுப்பு வயர்" என்றார் மாஸ்டர், மெதுவாக.

"சிவப்பு எண்டெல்லோ வாசிச்சனான்" என்றார் ரீச்சர்.

இருவரும் குப்பையைத் திரும்பிப் பார்த்தார்கள். சிப்பாய் கையைக் காட்டி அவர்களைக் கூப்பிட்டான்.