பாத்துப் பண்ணு

என் பெயரும் தந்தை பெயரும் முதல் தாளில் உள்ளன. வயது இருபத்தொன்பது. கட்டடத் தளத்தின் பின்புறம் தகரக் கொட்டகை வரிசையில் கடைசி அறையில் மனைவியுடனும் அவள் தம்பியுடனும் வசித்து வந்தேன். கிரேன் ஓட்டுவது என் தொழில். இறந்தவன் என் மனைவியின் தம்பி. கீழே நின்று எனக்கு சிக்னல் காட்டும் வேலையில் அவனைச் சேர்த்துவிட்டது நான்தான்.

கிரேன் அறையில் காற்றை அளக்கும் கருவி உண்டு. அளவு மீறினால் சிவப்பு விளக்கு எரியும். அப்போது வேலையை நிறுத்துவதும் தொடர்வதும் ஓட்டுநரின் முடிவு என்று பயிற்சியில் சொல்லிக் கையெழுத்தும் வாங்கியிருக்கிறார்கள். போன மாதம் ஒருநாள் விளக்கு எரிந்ததும் நான் நிறுத்தினேன். இன்ஜினியர் ஒரு வார்த்தை திட்டவில்லை. மறுநாள் வேறொருவரை மேலே ஏற்றிவிட்டு, என்னைச் சிமென்ட் கிடங்கு வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார். அதன்பிறகு போகிற வருகிறவர்களெல்லாம் "என்ன காத்தாடி, இன்னைக்குக் காத்து எப்படி?" என்று கேட்டார்கள். மைத்துனனும் விடவில்லை. "மாமா, துணி காயப்போடலாமா, இல்ல உங்ககிட்ட பர்மிஷன் வாங்கணுமா?" என்றான். ஒரு வாரம் கழித்து என்னைத் திரும்ப ஏற்றினார்கள். காத்தாடி என்ற பெயர் மட்டும் நின்றுவிட்டது.

சம்பவ நாளன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சென்ட்ரிங் பலகைக் கட்டு ஒன்றை மேல்மாடிக்குத் தூக்கச் சொன்னார்கள். கட்டு தரையில் இருக்கும்போதே சிவப்பு விளக்கு எரிந்தது. உடனே வாக்கி டாக்கியில் இன்ஜினியரைக் கூப்பிட்டு, "சார், சிவப்பு எரியுது. தூக்கவா, நிறுத்தவா?" என்று கேட்டேன். "மேல ஆளுங்க சும்மா நிக்கிறாங்கப்பா. நீ அனுபவஸ்தன். பாத்துப் பண்ணு" என்றார். அதன்பிறகு நான், "தூக்குன்னு சொல்லுங்க சார், தூக்குறேன்" என்றேன். "அதான் உன் இஷ்டத்துக்கே விட்டுட்டேனே" என்றார். வாக்கி டாக்கியில் வரும் உத்தரவை ஓட்டுநர் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது தளத்தின் விதி. அதனால் "பாத்துப் பண்றேன்" என்று திருப்பிச் சொன்னேன். எல்லோர் காதிலும் கடைசியாக விழுந்தது என் குரல்தான். கீழே மைத்துனன் சிரித்துக்கொண்டே, தூக்கு என்று கையை உயர்த்திக் காட்டினான்.

எனக்கு அந்த ஸ்டூல் ஞாபகம் வந்தது. தூக்கினேன்.

அதன்பிறகு இரண்டாம் மாடி உயரத்தில் பலகைக் கட்டைக் காற்று சுழற்றியதில் பலகைகள் நழுவின. அவன் ஓடினான். ஓடிய பக்கமே விழுந்தன. ஏணியில் நான் இறங்கி முடிப்பதற்குள் அவனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். ரப்பர் செருப்பு ஒன்று கிடந்தது. சிக்னல் ஆட்களுக்கு பூட்ஸ் கொடுப்பது தலைமை அலுவலகத்திலிருந்து யாராவது பார்வையிட வரும் நாளில் மட்டும்.

ஆஸ்பத்திரியில் மனைவி அழவில்லை. "விளக்கு எரிஞ்சுதா?" என்று மட்டும் கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. அதன்பிறகு இன்ஜினியர் என் தோளில் கை போட்டு வராந்தாவுக்கு அழைத்துப் போய், "திடீர்னு காத்து வீசிடுச்சு, அவ்வளவுதான். உனக்கும் கேஸ் இல்ல, யாருக்கும் இல்ல. ஸ்டேஷன்ல பாத்துச் சொல்லு" என்றார்.

(இவ்விடத்தில் தண்ணீர் கேட்டார். கொடுக்கப்பட்டது.)

பார்த்துத்தான் சொல்கிறேன். விளக்கு எரிந்தது. தூக்கியது என் முடிவு என்று எழுதிக்கொள்ளவும். நிறுத்துவது என்று ஒருநாள் முடிவெடுத்தவனை எங்கே உட்கார வைத்தார்கள் என்பதையும் அடுத்த வரியிலேயே எழுதிக்கொள்ளவும். இதனால் எனக்குச் சிறை கிடைக்கும் என்று தெரியும். மனைவி வெளியே பெஞ்சில் இருக்கிறாள். இதை அவளுக்கும் படித்துக் காட்டலாம்.

எழுதி முடித்ததை ஏட்டு எனக்குப் படித்துக் காட்டினார். ஓர் இடத்தில் 'கட்டைத் திடீரெனக் காற்று சுழற்றியதில்' என்று இருந்தது. "பழக்கத்துல வந்துடுச்சுப்பா" என்றார். 'திடீரென' என்பதை அடிக்கச் சொன்னேன். அடித்தார். அடித்த இடத்தில் இருவரும் கையெழுத்திட்டோம். மற்றவை நான் சொன்னபடியும் நடந்தபடியும் உள்ளன.

ஒப்பம்.