இருபத்திமூணு மெயில்

இல்ல அஞ்சு புள்ள, அப்பிடி மொத்தமா அனுப்பிராத. முந்நூறு பேருக்கு ஓணம் ஆஃபர ஒரே அமுக்கா அமுக்குனா அம்புட்டும் ஸ்பாமுக்குத்தான் போகும். நாளைக்கு அம்பது போதும். அதுவும் நம்ம ரிசார்ட்ல முன்னாடி தங்கிட்டுப் போனவங்களுக்கு மட்டும். விலைக்கு வாங்குன லிஸ்ட்ட மேனேஜரே குடுத்தாலும் தொடாத. போன வருசம் தொட்டோம். அப்பறம் ரூம் கேட்டவங்களுக்கு நாங்க போட்ட பதிலே குப்பையில விழுந்துச்சு.

எழுதிக்கோ. திங்கக்கிழமை நான் கொச்சி ஆபீசுக்குப் போயிட்டா கேக்க ஆளு இருக்காது. தலைப்புல அவசரம்னு போடாத. ஆளு பேரச் சொல்லி எழுது. ஒரே வாசகம் பத்து புது ஐடியில இருந்து வந்தா, மெஷினு திருட்டுப்பயன்னு முடிவு கட்டிரும்.

ஆமா. நம்ம லயத்து வரிசை வீட்டு ஆளுக செஞ்சதும் அதான். நீ கேப்பேன்னு தெரியும்.

வீட்டுக்குப் பின்னாடி மதிலு வெடிச்சிருக்கு, மழைக்கு முன்ன சரி பண்ணுங்கன்னு உங்கப்பா எத்தன தடவ இங்க வந்து நின்னாரு. வாயில சொன்னா செல்லாது, மெயில்ல போடுன்னு வெரட்டுனாங்க. ஒருத்தர் பேருல அனுப்பத்தான் நான் மனு எழுதிக் குடுத்தேன். நமக்கு மனுன்னா எல்லாரும் சேந்து ஒப்பு போடணுமே. உங்கப்பாதான், எங்க வேதமுத்து மாமா, இருபத்திமூணு வீட்டுக்கும் ஏறி எறங்கி, புதுசா ஐடி தொறக்க வச்சு, மேல அவசரம்னு சேத்து, ஒரே நாள்ல அனுப்ப வச்சாரு. சுருளியம்மா மயினிக்கு இவரே போன வாங்கி அமுக்கிக் குடுத்தாராம். கெத்தா சொல்லிட்டுத் திரிஞ்சாரு.

மதிலு அவரு மேலயே சரிஞ்ச அன்னைக்கு, எனக்கு ஒரு மெயிலும் வரலன்னு மேனேஜர் போலீஸ்ட்ட சொன்னாரே, அது பொய் இல்ல அஞ்சு. அந்தாளு பாக்கல. அப்பா உசுருக்கு மகளுக்கு இங்க ஒரு நாற்காலின்னு கணக்க முடிச்சுட்டாங்க பாரு, அதுல வேணும்னா அவர வையி, நானும் சேந்து வையிறேன்.

சரி, கடைசியா ஒண்ணு. தினம் காலையில மேனேஜரோட ஸ்பாம நீதான் தொறந்து பாக்கணும். அவரு தொடமாட்டாரு. புக்கிங் எதும் தப்பி விழுந்து கெடந்தா, ஸ்பாம் இல்லன்னு ஒரு பட்டன் இருக்கு, இந்தா இது. அமுக்குனா அவரு பார்வைக்குப் போயிரும்.

ஆமா, இத்தன நாளா நான்தான் பாத்தேன்.

ம். அந்த மெயிலு வந்து விழுந்த மறுநாக் காலையிலயும்.

இருபத்திமூணும் வரிசையா கெடந்துச்சு. மொத மெயிலு மாமாது. மேனேஜரு படிச்சா எழுதுனது நான்னு வாசகத்துலயே பிடிச்சிருவாரு. அந்த வாரந்தான் என்னைய நிரந்தரமாக்குற கடிதம் வர வேண்டியது. முப்பது நாளு கெடந்தா அதுவா அழிஞ்சிரும், அழிஞ்சிருச்சு.

கடிதம் வந்துச்சு. நேரா இன்பாக்ஸுக்கே வந்துச்சு.