விளம்பர இடைவேளைப் பழக்கம்

இல்ல தம்பி, அம்மா வீட்ல இல்லன்னு தெரிஞ்சுதான் வந்தேன். எனக்கு வேலையே உங்ககிட்டதான். அந்தக் கார் சாவியை மேஜை மேல வைங்க. கிளினிக் எங்கயும் ஓடிடாது. பல்வலிக்காரன் காத்திருப்பான், அவனுக்கு வேற வழி கிடையாது.

என்ன அப்படிப் பாக்கறீங்க? டிவியில கொஞ்சம் உயரமாத் தெரிவேன். அடியில ரெண்டு தலகாணி. எதிர்ல உக்காந்து என்னைக் கிழிகிழின்னு கிழிக்கற உங்கம்மாவுக்கு ஒண்ணுகூடக் கிடையாது. அவங்க கோவத்துலயே ஓரடி உசந்துருவாங்க.

போன வாரம் எங்க விவாத நிகழ்ச்சியைப் பாத்தீங்களா? அவங்க நாற்காலியில ஒரு வக்கீலை உக்கார வச்சிருந்தாங்க. எதிர்க்கருத்துன்னா தொண்டை கிழியக் கத்தறதுன்னு நெனச்சிருக்கான். நான் ஒரு வாக்கியம் ஆரம்பிச்சேன், இன்னும் முடிக்கல. தயாரிப்பாளர் சொல்லிட்டார், அந்தம்மா திரும்பி வரலன்னா நிகழ்ச்சியையே மூட்டை கட்டிருவோம்னு. அவங்க வரணும் தம்பி. அது உங்க கையிலதான் இருக்கு.

ஏன் வரமாட்டேங்கறாங்கன்னு உங்ககிட்ட மூச்சுகூட விடலையா? சரி, அதுக்கும் வர்றேன். முதல்ல நான் எப்படிப்பட்ட ஆளுன்னு தெரிய வேண்டாமா?

பத்திரிகையில பிழை திருத்தத்தான் சேர்ந்தேன். ஒரு நாள் தலையங்கம் எழுதறவருக்கு வயித்தால போகுது. பக்கத்துல இவ்வளவு பெரிய இடம் காலி. எதையாவது போட்டு அடைய்யான்னார் ஆசிரியர். அடைச்சேன். அரசாங்கத்தைத் திட்டறவனுக்கு அரசாங்கமே காவல் குடுக்கணும்னு எழுதினேன். மறுநாள் அமைச்சர் அதைப் படிச்சுட்டு மயங்கி விழுந்தார். தண்ணி தெளிச்சு எழுப்பினா, விட்ட இடத்துலேர்ந்து படிச்சு மறுபடி விழுந்தார். பத்திக்கு ஒரு தடவை. நம்பலையா? அவரோட டிரைவரே சொன்னான். அவனும் என்னை மாதிரி உண்மை பேசறவன்தான்.

அப்புறம் என் உருவ பொம்மையை எரிக்க ஒரு கூட்டம் வந்துச்சு. பொம்மை என்னைவிடக் குண்டா இருக்கேன்னு வாசல்ல நின்னு கேட்டேன். அப்போ உங்க சட்டை ஒண்ணு குடுங்க சார், அளவு சரியா இருக்கும்னாங்க. கருத்துச் சுதந்திரம்னு கத்தற ஆளு சட்டை இல்லன்னு சொல்ல முடியுமா? போட்டிருந்ததையே கழட்டிக் குடுத்தேன். நல்லா கொழுந்துவிட்டு எரிஞ்சப்பறம்தான் ஞாபகம் வந்துச்சு, பையில என் மூக்குக் கண்ணாடி. ஒரு மாசம் எதிர்க்கட்சி எது ஆளுங்கட்சி எதுன்னு தெரியாம ரெண்டு பேரையும் திட்டி எழுதினேன். அப்பதான் என்னை நடுநிலையாளன்னு சொல்ல ஆரம்பிச்சாங்க.

உங்கம்மா மட்டும் அதுல மயங்கல. குடும்பத்தைக் கலைக்கற ஆளுன்னு ஊரறியச் சொன்னாங்க. டிவிக்காரங்க எங்களை நிகழ்ச்சிக்கு முன்னாடி பாத்துக்கவே விடமாட்டாங்க தெரியுமா? அவங்களுக்கு ஒரு கதவு, எனக்கு ஒரு கதவு. முன்னாடியே பேசிட்டா சூடு ஆறிடுமாம். முடிஞ்சதும் ஆளுக்கொரு கார். அதனால எங்க பழக்கம் பூரா விளம்பர இடைவேளையிலதான். சோப்பு விக்கிற நேரத்துல உங்க பல் டாக்டர் படிப்புச் செலவைத் தெரிஞ்சுக்கிட்டேன். டயர் விக்கிற நேரத்துல என் சம்சாரம் தவறிப்போனதைச் சொன்னேன்.

ஒரு தடவை பேசிக்கிட்டே இருக்கறப்ப எனக்கு சொல்ல வந்தது சுத்தமா மறந்துபோச்சு. ஊரே பாக்குது, வாயைத் திறந்தபடி உக்காந்திருக்கேன். உங்கம்மா குறுக்கிட்டு, இவர் சொல்ல வர்றது இதுதான்னு என் வாதத்தை என்னைவிட அழகா எடுத்து வச்சாங்க. வச்சுட்டு, அதுவும் தப்புன்னு அடிச்சு நொறுக்கினாங்க. அன்னிக்கு நான் வீட்டுக்கு நடந்து போகல தம்பி, மிதந்து போனேன்.

உங்கப்பா காலமாகி அவங்க திரும்பி வந்த அன்னிக்கு, இடைவேளையில நான் வாயே திறக்கல. சும்மா பக்கத்துல உக்காந்திருந்தேன். நீங்க சொன்னதுலயே இதுதான் உருப்படியான கருத்துன்னாங்க.

ம்? ஆமா, கடைசி நிகழ்ச்சி. பாதியில கைப்பையை எடுத்துக்கிட்டு எழுந்து போனாங்களே, அதுதான். அதுக்கு முந்தின இடைவேளையில நான் ஒண்ணு கேட்டேன். அவங்க பதில் சொல்றதுக்குள்ள கேமராவோட சிவப்பு விளக்கு எரிய ஆரம்பிச்சுருச்சு, நிகழ்ச்சி மறுபடி தொடங்கியாச்சு. நாலு தடவை போன் பண்ணப்பறம்தான் எடுத்தாங்க. எடுத்ததும் ஒரே திட்டு. பல்பொடி விளம்பரத்துக்கும் பெயிண்ட் விளம்பரத்துக்கும் நடுவுல கேக்கற விஷயமாய்யா இது, வீட்டுக்கு வந்து பெரியவங்ககிட்ட முறையாக் கேளுங்க, அதுவரைக்கும் உங்க மூஞ்சியிலயே முழிக்கமாட்டேன்னாங்க.

நான் விடுவேனா? வயசு வந்த ரெண்டு பேர் சம்மதிச்சா போதும், மூணாவது ஆளுக்கு அங்க வேலையே இல்லன்னு வாழ்நாள் பூரா எழுதினவன். அதையே சொன்னேன். போனை வச்சுட்டாங்க.

உங்க வீட்ல இப்ப பெரியவர் நீங்கதானே? அதான் தலைக்கு எண்ணெய் வச்சு, சட்டையைத் தேய்ச்சுப் போட்டுக்கிட்டு வந்திருக்கேன். உங்கம்மாவை எனக்குக் கட்டிக் குடுங்க தம்பி.

மாட்டேன்னு சொல்ல உங்களுக்கு முழு உரிமை இருக்கு. அந்த உரிமைக்காக எத்தனை கட்டுரை எழுதியிருப்பேன். இன்னிக்கு ஒரு நாள் மட்டும் அதைப் பயன்படுத்தாம இருங்களேன்.